மொட்டைத் தலைக்கு ஒரு விளக்கம்

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

மனிதநேய மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவரும், என் மனைவி மணியம்மாளின் ஒரே தம்பியுமான திரு. வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, மன்றத்தின் மலைக்கிளைச் செயலாளர் (இதை எழுதும் நிமிடம் வரை) ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம், அங்கு உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உங்கள் அக்காவுக்கு வேலூரில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பதற வேண்டாம் மச்சான், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். நான் வைத்த ரசத்தில் புளி அதிகம் என்று சற்று முன்புதான் சொன்னாள். அப்படிச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நீங்கள் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தபோது இதெல்லாம் நடந்தது. "அவனுக்கு சொல்லாதீங்க, பிளைட்டு புடிச்சி வந்துருவான், புள்ள வூட்ல நாலு நாளு நிம்மதியா இருக்கட்டும்" என்று உங்கள் அக்கா தடுத்துவிட்டாள். நான் சொல்லவில்லை. ஆனால் நம் பொருளாளர் சின்னராஜ் சும்மா இருப்பாரா? படம் எடுத்தவர்களிடமிருந்தெல்லாம் வாங்கி, மூன்று படங்களை உங்களுக்கு அனுப்பி வைத்துவிட்டார். அந்த மூன்றையும் நீங்கள் எனக்கே திருப்பி அனுப்பி, கீழே "இது என்ன?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நீங்கள் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதாக என் மகள் கவியா சொல்கிறாள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரைத் தடுத்து வைக்க வழியில்லை.

முதல் படத்தில் தொக்கம் எடுப்பவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். இரண்டாவதில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நிற்பதும் நான்தான். மூன்றாவதில் நெற்றி நிறையத் திருநீறோடு ஆஸ்பத்திரி நாற்காலியில் இருப்பதும் நானேதான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சாமி இல்லை என்று மேடையேறும் நம் மன்றத்து ஆள் ஒருவன் படிப்படியாகப் பக்திமான் ஆகிக்கொண்டிருப்பது போலத் தெரியும். நடந்தது அது இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள்.

வலி மங்கம்மாள் வீட்டில் தொடங்கியது. எங்களுக்கு அடுத்த கொல்லைக்காரி, சாமையும் புளியும் வைத்திருப்பவள், தெரியுமல்லவா? அவள் மகளின் வளைகாப்புக்கு உங்கள் அக்கா வடை சுடப் போனாள். சுட்டதோடு நிற்காமல் நிறையத் தின்றும்விட்டாள். மாலையில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. நான் பார்த்ததும் "கேஸ்" என்றேன். மருத்துவம் படித்து அல்ல, மலை வளைவுகளில் ஆயுள் முழுக்கக் கண்டக்டராக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொன்னேன். பகுத்தறிவு முறைப்படி சோடா வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. பிறகு பெருங்காயம் கொடுத்தேன். பிறகு நாட்டு மருந்து விற்கிற ஒடுகத்தூர் சுரேஷ் வந்து, எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் என்று ஒரு கருப்புச் சாற்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் அதைக் குடிக்கக்கூடாது என்றேன். நான் குளிக்கப் போன நேரத்தில் அவள் பாதியைக் குடித்துவிட்டாள். வலி அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் மங்கம்மாள் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"இது கேஸும் இல்ல, கீஸும் இல்ல. தொக்கம். தின்னது எதுவோ கொடல்ல மாட்டினு நிக்குது. ஒடுகத்தூராண்ட சின்னக்குழந்தைன்னு ஒருத்தரு கீறாரு. ஊதுனாருன்னா வெளிய வந்துடும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குடலில் இருப்பதை ஊதி வாய் வழியாக எடுக்க முடியாது, எடுப்பவன் விரலிடுக்கில் முன்பே வைத்திருப்பான், இது நம் மன்றக் கூட்டத்தில் நானே செய்து காட்டிய வித்தை என்று விளக்கினேன். வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுப்போம் என்றேன். உங்கள் அக்கா ஸ்கேன் என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். தொக்கம் எடுக்க வர்றேன்" என்றாள். ஏன் வர மாட்டாய் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கவியா பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். இவள் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது மச்சான். நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். அவளுக்கு முன்னால் நானே நோயாளியாகப் போய் உட்காருவது; இரண்டு நாள் வெறும் கேழ்வரகுக் கூழ் மட்டும் குடிப்பது; அந்த ஆள் என் வாயிலிருந்து கூழ் தவிர எதை எடுத்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. அவள் கண் எதிரே குட்டு உடைந்தால் மறுபேச்சு இல்லாமல் வேலூருக்கு வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

சின்னக்குழந்தைக்கு என்னைவிட வயது அதிகம், மீசையும் அதிகம். "வா நயினா, குந்து" என்று உட்கார வைத்தார். வயிற்றில் சாம்பலைத் தடவி, கீழிருந்து மேலாகத் தொண்டை வரை நீவி, காதில் ஊதி, வாயைத் திற என்றார். திறந்தேன். அந்த நேரத்தில்தான் யாரோ அந்த முதல் படத்தை எடுத்திருக்கிறார்கள். இரண்டு விரலை விட்டுக் கருத்த துண்டு ஒன்றை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"கறி, நயினா. ஆட்டுக்கறி. கல்யாண வூட்டுக் கறி. மாசக்கணக்கா குந்தினு கீது."

நான் துள்ளி எழுந்தேன். "பிடிபட்டீர்! நான் கூழ் மட்டும்தான் குடித்தேன்! கறியைத் தொட்டே வெகுநாள் ஆகிறது!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். கூட்டம் உங்கள் அக்காவைப் பார்த்தது. உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள்.

"கல்யாண வூட்டுக் கறியா? எந்தக் கல்யாணம்? உங்க அக்கா பேத்தி கல்யாணத்துக்கு நீங்க மட்டும் கலசப்பாக்கம் போய்ட்டு வந்தீங்களே, அன்னிக்கி இன்னா சொன்னீங்க? கொலஸ்ட்ரால் இருக்குது, ரசஞ்சோறு துன்னேன்னு சொல்லல?"

மச்சான், அன்றைக்கு நான் கறி சாப்பிட்டது உண்மை. நீங்களும் அதே பந்தியில்தான் இருந்தீர்கள். ஆனால் அந்தக் கறி அன்றைக்கே செரித்துவிட்டது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் விளக்கிப் பாருங்கள். நான் முதல் உண்மையைச் சொன்னதுமே எல்லோரும் சின்னக்குழந்தையின் காலில் விழுந்துவிட்டார்கள். பிறகு உங்கள் அக்கா உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு முடிக்கற்றை வந்தது. வலி போயே போச்சு என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். நான் தோற்றவனாகப் பின் சீட்டில் வந்தேன். ஒரு பக்கம், அவள் சிரித்ததில் எனக்கும் நிம்மதி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிரிப்பு மறுநாள் இல்லை. வலி திரும்பி வந்தது, கூடவே காய்ச்சலும் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்ணோரம் மஞ்சள் தட்டியது. நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். விசாரிக்க வந்த மங்கம்மாளை "உன்னாலதான் இத்தனையும், இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்று சத்தம் போட்டுத் துரத்தினேன். அவள் போய்விட்டாள். திரும்பி உள்ளே வந்து உங்கள் அக்காவின் காலருகே உட்கார்ந்து, நான் என்ன செய்தால் வருவாய் என்று சொல், எதுவானாலும் செய்கிறேன் என்று கெஞ்சினேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கொலசாமி கோயில்ல மொட்டை போட்டுனு வாங்க."

என்னிடம் மச்சான்! கவியாவுக்குக்கூட முதல் முடி இறக்கக்கூடாது என்று மாமனார் வீட்டோடு சண்டை போட்ட என்னிடம்! அந்த மாமனார் உங்கள் அப்பா என்பதால் உங்களுக்கே நினைவிருக்கும். ஒரு நிமிடம் வாசலில் நின்று யோசித்தேன். கொள்கை பெரிது. ஆனால் உள்ளே அவள் முனகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடி திரும்ப வளரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், உட்கார்ந்து, தலையைக் கொடுத்துவிட்டேன். பூசாரிக்கு ஒரே ஆச்சரியம். அவர் மகன்தான் இரண்டாவது படத்தை எடுத்தவன்.

மொட்டையோடு வந்து நின்றேன். வண்டியும் கையோடு கொண்டுவந்திருந்தேன். அவள் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தடவிக்கூடப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னும் இன்னா வேணும் மணி உனக்கு? தீ மிதிக்கணுமா? மிதிக்கிறேன்" என்றேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள போயி நான் செத்துட்டா, அங்கயே புடிச்சி வச்சிக்குவாங்க. நீங்கதான் மைக்குல சொல்லிட்டீங்களே. வூட்டுக்குக் கூட எடுத்தாற மாட்டீங்க. எனக்கு ஒரு பூ போட மாட்டீங்க. சங்கு ஊத மாட்டீங்க. நாலு பேரைக் கூப்ட்டு பேச வுடுவீங்க."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கலசப்பாக்கம் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்து, "நானும் என் துணைவியாரும் இறந்த பின் எங்கள் உடல்களை மருத்துவக் கல்லூரிக்கே வழங்குகிறோம்" என்று அறிவித்தேனே, அது! நீங்கள்தான் முதலில் கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த அவள் தலையை ஆட்டினாள், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் மூன்றாவது பேச்சாளர் பேசும்போதே தூங்கி விழ ஆரம்பித்துவிட்டாளாம். கைதட்டல் சத்தத்தில் விழித்துப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாளாம். அன்றிலிருந்து இவ்வளவு நாளும் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"அப்ப மொட்டை எதுக்கு?" என்று கேட்டேன்.

"சாமிக்கு இல்ல. உங்களுக்குப் புடிக்காதது ஒண்ண எனக்கோசரம் செய்வீங்களான்னு பாத்தேன். மொட்டை போடுறவரு சங்கும் ஊதுவாருன்னு நெனச்சேன். ஆனாலும் பயம் போவல."

நான் அவள் தலையில் கை வைத்தேன். நீ எனக்கு முன்னால் போனால், நீ கேட்கிற ஒன்றைக்கூட விடாமல் செய்வேன், பூ, சங்கு, பதினாறாம் நாள், அதற்கும் ஒரு மொட்டை, எல்லாம் என்று சத்தியம் செய்தேன். எதன் மேல் சத்தியம் என்று கேட்டாள். உன் மேல்தான், எனக்கு வேறு எதன் மேல் இருக்கிறது என்றேன். எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். வண்டியில் ஏறினோம்.

அமிர்தி வழியாக இறங்கினோம். நான் கதவோரம் நின்று "போலாம், ரைட்" சொன்ன அதே வளைவுகளில், ஒவ்வொன்றுக்கும் அவள் என் கையை நசுக்கினாள். வேலூரில் பார்த்த டாக்டர் அம்மா, பித்தப்பையில் கல், பை பழுத்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார். சோடா கொடுத்ததைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கவியா இன்னும் வந்து சேரவில்லை. நான் மொட்டைத் தலையோடு அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது மச்சான். ஒருவர் ஜெபமாலை உருட்டினார், ஓர் அம்மா கண்ணை மூடி துஆ செய்தார். என் கையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது. அதன் மூடியைத் திருகித் திருகித் திறந்தேன், மூடினேன்.

அப்போது மங்கம்மாள் வந்தாள். நான் துரத்திவிட்ட அதே மங்கம்மாள். இரண்டு பஸ் மாறி, வார்டு வார்டாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அண்ணே, நான்தான் கெடுத்துட்டேன். தொக்கம்னு சொல்லி அக்காவ அலய வச்சிட்டேன். அக்காளுக்குப் பூசறதுக்குன்னு வாங்கினு வந்தேன், உள்ள வுட மாட்றாங்க" என்றாள். பேசும்போதே பொட்டலம் சரிந்து, திருநீறு தரையில் கொட்டியது. மீதி இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நெற்றியை நீட்டினேன். பூசினாள். பூசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். அதுதான் மூன்றாவது படம். எடுத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் மங்கம்மாளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் தெளிந்து பேசினாள். சாமி காப்பாத்துச்சு என்றாள். டாக்டர் என்றேன். சரி, ரெண்டு பேரும் என்றாள். நானும் விட்டுவிட்டேன். பிறகு, என் முறைக்கு என்ன செய்வாய் என்று கேட்டு வைத்தேன். நான் முன்னால் போனால் என் உடம்பைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும், சடங்கு எதுவும் கூடாது என்றேன்.

"குடுக்கறேன். ஆனா மூணா நாளு பாலு ஊத்துவேன்."

"எங்க ஊத்துவ? உடம்பே இருக்காதே."

"காலேஜு வாசல்ல ஊத்துவேன்."

"வாட்ச்மேன் வெரட்டுவான்."

"வெரட்டட்டும். ஊத்திட்டுதான் வருவேன்."

தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரிக்க வைக்கவில்லை மச்சான். திரும்பி நின்று அவள் குடிக்கிற வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தலைவர் அவர்களே, என் விளக்கம் இவ்வளவுதான். சாமி உண்டு என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. தொக்கம் பொய்தான், அதை எந்த மேடையிலும் சொல்வேன், அடுத்த முறை கூழோடு கொஞ்சம் நாவடக்கத்தையும் சேர்த்துக்கொண்டு போவேன். ஆனால் உங்கள் அக்காவுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அணுவளவும் மாற மாட்டேன். அவள் எனக்கு முன்னால் போனால் பூவும் உண்டு, சங்கும் உண்டு, அவள் உடம்பு வீட்டுக்கு வந்துதான் போகும். இதற்காக மன்றம் என்னை நீக்கினால் நீக்கட்டும், சின்னராஜ் செயலாளராக இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை தம்பிதான் எடுத்து வர வேண்டும். அன்றைக்குக் கொள்கை பேசிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நிற்காதீர்கள். தலைவராக வர முடியாவிட்டால் தம்பியாக வாருங்கள். வருவேன் என்று இப்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏனென்றால் எனக்கு இதையெல்லாம் நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு இனி பயமொன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது வேறு விஷயம்.

உங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவன் அருளால் என்று முடிக்க எனக்கு வாய் வராது. நல்ல டாக்டர்களும், நல்ல அண்டை வீட்டாரும், எடுத்துப் பேசுகிற போனும் உங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
ஆதிநாராயணன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கோடிச் சேலை வரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேணாம்னு எழுதுங்க" என்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டவர்களில் ரம்யா என்று ஒரு மருத்துவ மாணவி. கல் எங்கே இருந்தது என்று தன் உள்ளங்கையிலேயே வரைந்து காட்டினாளாம். இதெல்லாம் எதைப் பார்த்துப் படித்தாய் கண்ணு என்று இவள் கேட்டிருக்கிறாள். யாரோ தானமாகக் கொடுத்த உடம்பைப் பார்த்துத்தான், முதல் நாள் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று, கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் தொடுவோம் என்று அந்தப் பெண் சொன்னதாம். "அத்தினி புள்ளைங்க நின்னு கும்புடுதுன்னா எனக்கு அதுவே போதும், நானும் குடுத்துடறேன், உங்களாண்ட சொல்ல மறந்துட்டேன்" என்கிறாள். சங்கு வேண்டாமாம், பூவும் வேண்டாமாம். மச்சான், மைக்கில் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒட்ட எடுத்த உறையைக் கீழே வைத்துவிட்டேன். அவளை அங்கே விட்டுவிட்டு நான் எப்படித் தனியாக வீட்டுக்கு வருவது? நீங்கள் மன்றத்தின் தலைவர், உங்கள் பேச்சை அவள் கேட்பாள். உடனே கிளம்பி வந்து, உடம்பைக் கொடுக்கிற பேச்செல்லாம் வேண்டாம் அக்கா என்று எப்படியாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.